கொழும்பில் ஐந்து ஸ்டார் வாங்கிய கேத்தில், எங்கள் கிணற்றுத் தண்ணீரில்

கரண்ட் கேத்தில் ஒன்றைப் பற்றி இவ்வளவு எழுத என்ன இருக்கிறது என்று வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். இருக்கிறது. வாங்க முதல் நான் தேடி வாசித்த விமர்சனங்கள் முழுக்கக் கொழும்பிலும் கண்டியிலும் இருக்கிறவர்கள் எழுதியவை, இரண்டு வருடமாகப் பாவிக்கிறோம், இன்னும் புதிசு போலவே இருக்கிறது, ஐந்து ஸ்டார், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிற வகை. வெள்ளவத்தையில் இருக்கிற மச்சாளும் இதே மொடலைத்தான் வைத்திருக்கிறாள். போன தடவை அங்கே நின்றபோது மூடியைத் திறந்து பார்த்தேன், முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு. அதே கேத்தில் இணுவிலில் எங்கள் குசினிக்கு வந்து பதினோராம் நாள், அடி முழுக்கச் சுவருக்கு வெள்ளை அடித்த மாதிரி ஆகிவிட்டது. ஆகவே இது யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு விமர்சனம்.

சாமான் இதுதான்: 1.7 லீற்றர், 1500 வாட்ஸ், உள்ளே முழுக்க எவர்சில்வர், வெளியே கறுப்புப் பிளாஸ்ரிக். கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில் 6,900 ரூபா கொடுத்தேன். கொம்பனியின் பெயரும் கடையின் பெயரும் சொல்லப் போவதில்லை, நடுவில் ஒரு சண்டை வருகிறது. எப்படியும் நான் சொல்லப் போவதில் முக்கால்வாசி எந்தக் கொம்பனிக் கேத்திலுக்கும் பொருந்தும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேகம் நல்லது. நிரப்பி வைத்தால் ஆறேழு நிமிடத்தில் கொதிக்கிறது, இரண்டு கோப்பைக்கு மட்டும் வைத்தால் நீங்கள் தேயிலைப் போத்தலைத் தேடி எடுக்க முதல் கொதித்துவிடும். செலவும் பயந்த அளவுக்கு இல்லை. ஒரு லீற்றரை 28 பாகையில் இருந்து 100 பாகைக்குக் கொண்டுபோகக் கணக்குப்படி 0.084 யூனிற் வேண்டும், அங்கே இங்கே போகிற சூட்டையும் சேர்த்தால் யூனிற்றில் பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு ஐந்து லீற்றர் கொதிக்க வைக்கிற எங்கள் வீட்டுக்கு மாதத்துக்குப் பதினைந்து யூனிற். இதை வீட்டில் ஒரு பேப்பரில் எழுதிக் காட்டினேன், ஒருவரும் பார்க்கவில்லை.

தானாக நிற்கிற விஷயம்தான் எனக்குப் பிடித்தது. நான் இவ்வளவு நாளும் தண்ணீரின் சூட்டை அளக்கிற ஏதோ ஒன்று அடியில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். கொதிக்கிறபோது வருகிற ஆவி, மூடிக்குக் கிட்ட உள்ள சின்ன ஓட்டை வழியாகக் கைபிடிக்குள் போய், அங்கே இருக்கிற ஒரு சின்னத் தகட்டைச் சூடாக்குகிறது. அந்தத் தகட்டில் இரண்டு உலோகங்கள் ஒட்டியிருக்கும், இரண்டும் ஒரே சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை, ஒரு கட்டத்தில் டக்கென்று மறுபக்கம் வளைந்து சுவிச்சைத் தட்டிவிடும். அந்த 'டக்' சத்தம் அதுதான். இந்த மாதிரித் தகட்டு வேலையில் பெயர் எடுத்தவர் ஜோன் டெய்லர் என்கிற பிரித்தானியக் கண்டுபிடிப்பாளர். ஆகவே மூடியைத் திறந்துவிட்டுக் கொதிக்க வைத்தால் ஆவி அந்த ஓட்டைக்குள் போகாது, கேத்தில் நிற்காது, தண்ணீர் வற்றும்வரை கொதித்துக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் ஒருவர் (ஆர் என்று சொல்லமாட்டேன், அவரும் இதை வாசிப்பார்) முட்டையைக் கேத்திலுக்குள் போட்டு மூடியைத் திறந்து வைத்து அவிக்கப் பார்த்துத்தான் இந்த விஷயம் எங்களுக்குத் தெரியவந்தது.

இனி வெள்ளைக்கு வருகிறேன்.

எங்கள் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை, மாரியில் பெய்கிற மழை நிலத்துக்குள் இறங்கிக் கிணற்றில் வருவதுதான் எங்களுக்கு எல்லாம். இறங்குகிற இடமோ சுண்ணாம்புக்கல். கடல் உயிர்களின் ஓடும் எலும்பும் படிந்து கோடிக்கணக்கான வருடங்களில் கல்லானது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கிற காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக இறங்கி, அந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. அப்படித் தின்று தின்று உண்டான பள்ளம்தான் எங்கள் பக்கத்து நிலாவரைக் கிணறு. அப்படிக் கரைந்த கல்தான் எங்கள் வாளியில் வருகிறது, கண்ணுக்குத் தெரியாமல். சீனி, உப்பு எல்லாம் சுடுதண்ணீரில் கூடக் கரையும் என்பது எங்களுக்குப் பழக்கம், இந்தக் கல், அதாவது கல்சியம் காபனேற், அதற்கு நேர்மாறு. தண்ணீர் சூடேற ஏற காபனீரொட்சைட் வெளியே ஓடுகிறது, அது போனதும் கல் கரைந்து நிற்க வழியில்லாமல் திரும்பவும் கல்லாகிறது, அதுவும் ஆகச் சூடான இடத்தில், அதாவது கேத்திலின் அடியில். ஒரு லீற்றரில் 200 மில்லிகிராம் இப்படிக் கழன்றது என்று வைத்தால், நாளுக்கு ஐந்து லீற்றருக்கு ஒரு கிராம், மாதத்துக்கு 30 கிராம் கல். எல்லாம் கேத்திலில் ஒட்டாது, கொஞ்சம் எங்கள் வயிற்றுக்கும் போகிறது. அதில் பயப்பட ஒன்றும் இல்லை, அம்மா வெத்திலைக்குப் பூசுகிற சுண்ணாம்புக்கு இது சொந்தக்காரன்தான்.

கொழும்புக்குத் தண்ணீர் களனி கங்கையில் இருந்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களில் இருந்தும் போகிறது. சுண்ணாம்புக்கல் பக்கமே போகாத மென்னீர். மச்சாளின் கேத்தில் பளபளப்பதற்குக் கொம்பனியும் காரணம் இல்லை, மச்சாளும் காரணம் இல்லை (அவளுக்கு இதைச் சொல்லியும் விட்டேன்).

நாலாம் மாதம் கேத்தில் கொதிக்க முதலே நிற்கத் தொடங்கியது. திரும்ப அமத்தினால் கொஞ்ச நேரம் வேலை செய்யும், திரும்ப 'டக்'. கடைக்குக் கொண்டுபோனேன், ஒரு வருட வொறண்டி இருக்கிறது. கடையில் நின்ற தம்பி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணை, இது உங்கட தண்ணியாலை வந்தது, இதுக்கு வொறண்டி இல்லை" என்றான். நான் சொன்னேன், "தம்பி, நீங்கள் கடை வைச்சிருக்கிறது யாழ்ப்பாணத்திலை. இஞ்சை வேற என்ன தண்ணியிலை கொதிக்க வைக்கிறது?" அவனிடம் பதில் இல்லை, சிரித்தான். வொறண்டி அட்டையில் பொடி எழுத்தில் 'கல்சியம் படிவினால் ஏற்படும் பழுதுகள் நீங்கலாக' என்று உண்மையாகவே இருந்தது. விற்கிறபோது இதைச் சொல்லலாம்தானே? 6,900 ரூபா வாங்குகிறபோது ஒரு வசனம் கூடச் சொல்ல என்ன கஷ்டம். இதற்குத்தான் ஒரு ஸ்டார் வெட்டுகிறேன், கேத்திலுக்கு இல்லை, விற்ற விதத்துக்கு.

உண்மையில் பழுதே இல்லை. அடியில் தண்ணீர் இல்லாமல் சூடேறினால் எரிந்துபோகாமல் இருக்க இன்னொரு தகடு கீழே இருக்கிறது. கல் தடிப்பாகப் படிந்தால் சூடு தண்ணீருக்குக் கெதியாய்ப் போகாது, அடித்தகடு அளவுக்கு மேல் சூடாகும், காவல் தகடு 'தண்ணீர் இல்லை போல' என்று நினைத்து வெட்டிவிடும். படிவைக் கழற்றியதும் சரியாகிவிட்டது. அதோடு, படிவு வந்தால் கரண்ட் பில் இரட்டிப்பாகும் என்று பலர் சொல்கிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. கேத்திலின் சூடு வேறெங்கே போகப் போகிறது, கொஞ்சம் பிந்தினாலும் தண்ணீருக்குள்தான் போக வேண்டும். பில் பெரிதாக ஏறாது. கேத்திலின் ஆயுள்தான் குறையும், சத்தமும் கூடும்.

கழற்றுவதற்குத் தேசிக்காய். அம்மா முதலில் பழப்புளி போடச் சொன்னார், பித்தளைக் குத்துவிளக்குக்கு அது நல்லதுதான், இதற்குச் சரிவரவில்லை. வினாகிரி வேலை செய்யும், ஆனால் இரண்டு நாளைக்குத் தேத்தண்ணி அச்சாறு மணக்கும். இரண்டு மூன்று தேசிக்காயைப் பிழிந்து, அரைக் கேத்தில் தண்ணீரோடு ஒரு கொதி விட்டு, அரை மணித்தியாலம் அப்படியே விட்டால் புசுபுசு என்று நுரைத்துக்கொண்டு கழன்று வரும். அந்த நுரை வேறொன்றும் இல்லை, கல்லுக்குள் கட்டுண்டு கிடந்த காபனீரொட்சைட் வெளியே வருகிறது. தேசிக்காய் விலை ஏறுகிற மாதங்களில் சித்திரிக்கமிலத் தூள் வாங்குங்கள், கேக் சாமான் விற்கிற கடைகளில் கேட்டால் தருவார்கள். ஒரு தேக்கரண்டி போதும். இரும்புக் கம்பியால் மட்டும் உரஞ்ச வேண்டாம், கீறல் விழுந்தால் அடுத்த தடவை கல்லுக்குப் பிடித்துக்கொள்ள நல்ல இடம் கிடைத்துவிடும்.

தேத்தண்ணிக்கு வருவோம், கேத்தில் வாங்கியதே அதற்குத்தான். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நின்ற மச்சாள் எங்கள் பிளேன்ரீயைப் பார்த்துவிட்டு, "மாமி, உங்கட தேத்தண்ணி ஏன் இப்பிடிக் கறுத்து, மேலை ஆடை கட்டிக்கிடக்கு?" என்று கேட்டாள். அம்மாவுக்குக் கோபம். "அறுபது வருஷமா இப்பிடித்தான் குடிக்கிறம் பிள்ளை." இரண்டு பேரும் சரி. ஆறவிட்ட பிளேன்ரீயில் மேலே ஒரு மெல்லிய ஆடை வருமே, கோப்பையைச் சரித்தால் உடைந்த கண்ணாடி மாதிரி விரிகிறது, அதைப் பற்றி ஆட்கள் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். 1993 இல் 'நேச்சர்' இதழில் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஸ்பைரோவும் ஜகன்யியும் எழுதினார்கள், தண்ணீரில் கல்சியமும் பைகாபனேற்றும் இருந்து, மேலே காற்றும் பட்டால்தான் அந்த ஆடை வரும் என்று. 2021 இல் சுவிற்சர்லாந்தில் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜியகோமினும் ஃபிஷரும் அந்த ஆடை எவ்வளவு உறுதி என்று ஒரு கருவியால் அளந்தே பார்த்தார்கள். தண்ணீரின் வன்மை, அதாவது அதில் கரைந்திருக்கிற கல், கூடக் கூட ஆடையும் உறுதியாகிறது, எலுமிச்சையின் அமிலம் சேர்ந்தால் குறைகிறது. அடுப்படியில் நாங்கள் சும்மா கரண்டியால் எடுத்து வீசுகிற ஒன்றுக்கு ஒரு ஆய்வுகூடம்!

இதைக் கேட்டபிறகு நானும் செய்து பார்த்தேன். போன மாரியில், முதல் இரண்டு மழையைக் கூரை கழுவிப் போகவிட்டு, மூன்றாவது மழையில் ஓட்டுத் தாழ்வாரத்துக்குக் கீழே ஒரு சருவத்தை வைத்துப் பிடித்தேன். இரண்டு சின்னப் போத்தல், ஒன்றில் மழைத்தண்ணீர், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், இரண்டிலும் ஒரே அளவு சவுக்காரத் துருவல் போட்டுக் குலுக்கினால் மழைத்தண்ணீர் போத்தல் கழுத்துவரை நுரை, மற்றதில் திரைந்த பால் மாதிரி ஒரு கலங்கல். பிறகு இரண்டிலும் தேத்தண்ணி. மழைத்தண்ணீர்ப் பிளேன்ரீ செக்கச்செவேல் என்று, கோப்பையின் அடி தெரிகிறது, ஆடை இல்லை. குடித்துப் பார்த்த அம்மா, "சாயம் வடிவாத்தான் இருக்கு, ஆனா சப்பெண்டு கிடக்கு" என்று வைத்துவிட்டார். எனக்கும், உண்மையைச் சொன்னால், பனங்குட்டானைக் கடித்துக்கொண்டு குடிக்க எங்கள் கறுப்புத் தேத்தண்ணிதான் சரி. தேசிக்காய் பிழிந்தால் அதுவும் வெளுத்து, ஆடையும் போய், மச்சாளுக்குக் கொடுக்கக்கூடிய பிளேன்ரீ ஆகிவிடுகிறது.

இந்த வெள்ளையைத் திட்டிக்கொண்டே இருந்த எனக்கு ஒரு அடி 2024 இல் வெளிவந்த ஒரு ஆய்வில் இருந்து கிடைத்தது. சீனாவில் குவாங்சோ மருத்துவப் பல்கலைக்கழக ஆட்கள் தண்ணீரில் பிளாஸ்ரிக் நுண்துகள்களைக் கலந்து ஐந்து நிமிடம் கொதிக்க வைத்துப் பார்த்தார்கள். லீற்றருக்கு 300 மில்லிகிராம் கல்சியம் காபனேற் இருக்கிற வன்னீரில் துகள்களில் 90 சதவீதம்வரை போய்விட்டது, 60 மில்லிகிராமுக்குக் கீழான மென்னீரில் ஏறக்குறைய 25 சதவீதம்தான். காரணம் இந்த வெள்ளைதான். கல்லாகத் திரும்புகிறபோது தன்னைச் சுற்றி நிற்கிற துகள்களையும் உள்ளே வைத்துக் கட்டிக்கொண்டு படிகிறது, பிறகு வடித்துவிட்டால் முடிந்தது. லீற்றருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் போனாலே மிகவும் வன்மையான தண்ணீர் என்கிறார்கள், அது எங்கள் பக்கத்துக் கிணறுகளுக்குப் புதிசு இல்லை. அந்தக் காலத்தில் கலங்கல் தண்ணீர்ப் பானைக்குள் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டதும் ஏறக்குறைய இதே வேலைதான், துகளைச் சேர்த்துக் கட்டி அடியில் இருத்துவது.

சந்தோஷப்பட முதல் கேத்திலைப் பார்த்தேன். ஆய்வில் ஐந்து நிமிடம் கொதித்தது. என் கேத்தில் கொதி வந்து சில விநாடியில் 'டக்'. தானாக நிற்கிறது என்று மேலே புகழ்ந்தேனே, அதுவே இங்கே இடைஞ்சல். மூடியைத் திறந்து வைத்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடலாம் என்றால், 1500 வாட்ஸில் ஐந்து நிமிடம் 0.125 யூனிற், ஒரு லீற்றரைப் பச்சைத் தண்ணீரில் இருந்து கொதிக்க வைப்பதைவிடக் கூட, அதுவும் ஒரு கோப்பைத் தண்ணீர் குசினிச் சுவரில் வியர்வையாகப் போகும், உள்ளே இருக்கிற சுவிச்சுக்கும் நல்லதில்லை. ஆகவே குடிக்கிற தண்ணீருக்கு எங்கள் வீட்டில் இப்போது இப்படி: கேத்திலில் கொதி வரவிட்டு, சருவத்தில் ஊற்றி, காஸ் அடுப்பைக் குறைத்து வைத்து ஐந்து நிமிடம், பிறகு ஆறவிட்டு, அம்மாவின் பழைய நூல்சேலைத் துண்டை நாலாக மடித்து வடி. ஆய்வில் சொன்னது கோப்பி வடிக்கிற கடதாசி, எங்கள் சேலைத் துண்டு அந்த அளவுக்கு நுணுக்கமாகப் பிடிக்காது என்பது தெரியும், வெள்ளைச் செதிள்களைப் பிடிக்கிறது, அதுவரை சரி. சேலைத் துண்டைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு: வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் 65 கிராமங்களில் நடந்த ஒரு சோதனையில், பழைய சேலையை மடித்துக் குளத்துத் தண்ணீரை வடித்தவர்களிடையே கொலரா 48 சதவீதம் குறைந்தது, ரீற்றா கொல்வெல் என்கிற அமெரிக்க விஞ்ஞானியின் குழு 2003 இல் வெளியிட்டது. புதுச் சேலையைவிடப் பழசு நல்லதாம், தோய்த்துத் தோய்த்து நூல் பஞ்சுபோலாகி இடைவெளி சிறுக்கிறது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை.

பிளாஸ்ரிக் என்று வந்தபிறகு ஒன்று. உள்ளே எவர்சில்வரா என்று பார்த்து வாங்குங்கள், ஆயிரம் ரூபா மிச்சம் என்று உள்ளும் பிளாஸ்ரிக்காக இருப்பதை எடுக்க வேண்டாம். பொலிப்புரொப்பிலீன் பால்போத்தல்களில் 70 பாகைத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கினால் லீற்றருக்கு 1 கோடியே 60 இலட்சம்வரை நுண்துகள்கள் வருகின்றன என்று டப்ளின் டிரினிற்றிக் கல்லூரியில் 2020 இல் கண்டார்கள், சூடு கூடக் கூட அதுவும் கூடுகிறது. கைக்குழந்தை இருக்கிற வீடுகளில் பால்மாவை எவர்சில்வர்ச் செம்பில் கரைத்து, ஆறிய பிறகு போத்தலில் ஊற்றுவது பெரிய வேலை இல்லை.

கேத்தில் செய்யாத வேலையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைத்தம்பி "இதிலை கொதிக்க வைச்சா எந்தத் தண்ணியும் சுத்தம் அண்ணை" என்றுதான் விற்றான். கிருமி சாகும், அது உண்மை, மலசலகூடக் குழிக்குக் கிட்டக் கிணறு இருக்கிற எங்கள் ஒழுங்கைகளில் அதுவே பெரிய விஷயம். ஆனால் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரத்தில் இருந்து இறங்குகிற நைத்திரேற் கொதிக்க வைத்தால் போகாது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான், நைத்திரேற் அங்கேயே நின்று கொஞ்சம் செறிவாகிவிடும். உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், எங்கள் தோட்டப் பக்கக் கிணறுகள் சில அதைத் தாண்டுகின்றன. போத்தலில் பால் குடிக்கிற பிள்ளைக்கு அது இரத்தத்தில் ஒட்சிசன் கொண்டுபோகிறதைக் கெடுக்கும். தோட்டத்துக்கு நடுவில் வீடு என்றால் கேத்திலுக்குக் காசு கொடுக்க முதல் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

சின்னக் குறைகள்: தண்ணீர் அளவு காட்டும் கோடு உள்ளே இருக்கிறது, வெள்ளை படிந்ததும் தெரியாது. வயர் கட்டை. பழைய வீட்டுக்காரர் கவனிக்க வேண்டியது, 1500 வாட்ஸ் என்றால் ஆறரை அம்பியர், எங்கள் பழைய 5 அம்பியர் உருண்டைப் பிளக்குக்கு இது கூட. அடப்ரர் போட்டு ஒரு கிழமை பாவித்தோம், பிளக் தொட முடியாமல் சுட்டது, பிறகுதான் 13 அம்பியர்ப் பொயின்ற் இழுத்தோம். அதற்குப் போன காசைக் கேத்திலின் விலையோடு சேர்த்துத்தான் நான் கணக்குப் பார்க்கிறேன்.

எட்டு மாதமாயிற்று. இப்போதும் நன்றாக வேலை செய்கிறது, இரண்டு கிழமைக்கு ஒருக்கால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தேசிக்காய். கொழும்பில் இருந்தால் நானும் ஐந்து போட்டிருப்பேன், இணுவிலில் மூன்றரை. இதே மொடல்தான் வேண்டும் என்று இல்லை, எதை எடுத்தாலும் கடையிலேயே மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பாருங்கள், நிற்கிற தம்பி சிரித்தால் சிரிக்கட்டும். வெள்ளையைக் கழற்றிக் கழுவ விரல் அடியில் நாலு பக்கமும் போகாவிட்டால் அந்தக் கேத்திலைத் திரும்ப றாக்கையிலேயே வைத்துவிடுங்கள்.